கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: புதியவர்களுக்கான அன்றாட வேலைகள்

தை, மாசி மாதங்களில் மாடித்தோட்டம் தொடங்கியவர்களுக்குப் பங்குனி பாதியில் முதல் சோதனை வருகிறது. அதுவரை செழித்து நின்ற தக்காளிச் செடி நண்பகலில் தலை தொங்கிவிடுகிறது, கீரைப் பாத்தியின் ஓரங்கள் கருகுகின்றன, பூக்கள் பிஞ்சாகாமலே உதிர்கின்றன. மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கி அம்மாதக் கடைசி வரை நீடிக்கையில், வேலூர், திருத்தணி, கரூர், மதுரை போன்ற ஊர்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகவே நடப்பதுதான். கடற்காற்றை நம்பியிருக்கும் சென்னையிலும் 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 45 டிகிரி வரை பதிவாகியிருக்கிறது. இவை நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பநிலை என்பதை நினைவில் வையுங்கள். வெறுங்காலை வைக்க முடியாதபடி கொதிக்கும் மாடித்தளத்தின் சூடு இதைவிட அதிகம், நம் செடிப்பைகள் அந்தத் தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

தரையில் வளரும் செடிக்கு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் குளிர்ச்சியாகவே இருக்கும். பையில் வளரும் செடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலிருந்து வெயிலும், பக்கங்களிலிருந்து பையின் சுவர் வழியாக வெப்பமும், அடியிலிருந்து தளத்தின் சூடும் ஒரே நேரத்தில் வேரைத் தாக்குகின்றன. வேர் சூடேறிவிட்டால், மண்ணில் ஈரம் இருந்தாலும் செடியால் அதைச் சரிவர உறிஞ்ச முடியாது. ஆகவே கோடையில் தோட்டக்காரரின் தலையாய வேலை வேரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே. கீழே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை நோக்கியே அமைந்தவை. இந்த இரண்டு மாதங்களில் பெரிய விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். செடிகளைக் காப்பாற்றி ஆடிக்குக் கொண்டு சேர்த்தாலே புதியவருக்கு அது நல்ல தேர்ச்சி.

வெயில் விழும் இடத்தைக் கணித்தல்

முதலில் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்று, காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி ஆகிய மூன்று வேளைகளிலும் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் கோடிட்டுக் கொள்ளுங்கள். மார்கழியில் பார்த்து வைத்த நிழல் சித்திரையில் இருக்காது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் வடக்கே நீண்ட நிழல் விழுந்திருக்கும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கன்னியாகுமரியிலும், அதன் மறு வாரத்தில் மதுரையிலும், ஏப்ரல் 24 அளவில் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை அது உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்து நிற்கும். எனவே குளிர்காலத்தில் நிழலாக இருந்த வடக்கு மூலை இப்போது நண்பகல் வெயிலில் காயும்.

இந்தப் பருவத்தில் மாடியின் மிகச் சிறந்த இடம் மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டிய பகுதி. அங்கே செடிகளுக்குத் தேவையான காலை வெயில் முழுமையாகக் கிடைக்கும். பிற்பகலில் சுவரின் நிழல் விழுந்துவிடும். கீரைகள், நாற்றுகள், சிறிய தொட்டிகள், புதிதாக நட்ட செடிகள் ஆகியவற்றை அங்கே மாற்றுங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய இடம் இதற்கு நேர்மாறானது. பிற்பகல் வெயிலோடு, சூடேறிய சுவரும் இரவு வெகு நேரம் வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும் என்பதால், அங்கே எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது.

பைகளைத் தளத்திலிருந்து உயர்த்துதல்

ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கற்களின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வைத்து, அடியில் காற்று புகும்படி செய்யுங்கள். செங்கல் கிடைக்காவிட்டால் தேங்காய் உரிமட்டைகளைப் பரப்பி அதன் மேல் வைக்கலாம். பைகளைத் தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் பக்கச் சுவரில் விழும். இலைகள் வெளியிடும் நீராவியால் அந்தக் கூட்டத்துக்குள் காற்றும் சற்றுக் குளிரும். நடுவில் சிறியவற்றையும், மேற்கு ஓரத்தில் கருவேப்பிலை, செம்பருத்தி போன்ற தாங்குதிறன் உள்ள பெரிய செடிகளையும் வையுங்கள். மேற்கு வரிசைப் பைகளின் வெளிப்பக்கத்தில் பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றும்போது அதையும் நனைத்துவிடுவது மிகுந்த பயன் தரும். கறுப்பு நிறத் தொட்டிகளுக்கு இது கட்டாயம் தேவை. மண்தொட்டிகள் நீரைக் கசியவிட்டுத் தம்மைத் தாமே குளிர்வித்துக்கொள்ளும், ஆனால் அதே காரணத்தால் விரைவில் காய்ந்தும் போகும் என்பதால் அவற்றுக்குத் தண்ணீரில் குறை வைக்கக் கூடாது.

நிழல்வலை

பச்சை நிழல்வலை வாங்கும்போது அது எத்தனை சதவீதம் நிழல் தரும் என்று கேட்டு வாங்குங்கள். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத வலை ஏற்றது. வெண்டை, கத்தரி, மிளகாய் போன்ற காய்ச்செடிகளுக்கு 35 சதவீதமே போதும். நிழல் அதிகம் இருந்தால் நல்லது என்று நினைத்து 75 சதவீத வலையைக் கட்டினால், செடிகள் வெளிச்சம் தேடி நெடுநெடுவென வளர்ந்து, தண்டு மெலிந்து, பூக்காமல் நின்றுவிடும். வலையை ஏழெட்டு அடி உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். தாழ்வாகக் கட்டிய வலையின் கீழ் வெப்பம் தேங்கும். சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடியும் மழையும் பலத்த காற்றோடு வருபவை. ஆகையால் வலையின் ஓரங்களைக் கயிற்றால் பல இடங்களில் இழுத்துக் கட்டி, கம்பங்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று வாரம் ஒரு முறை சோதிப்பது செடிக்காக மட்டுமன்றி, கீழே நடப்பவர்களின் பாதுகாப்புக்காகவும் செய்ய வேண்டிய வேலை.

வலைக்குச் செலவழிக்க வசதி இல்லாதவர்கள் பழைய வெள்ளை வேட்டியை மேற்குப் பக்கம் திரைபோல் கட்டி, நண்பகல் முதல் நான்கு மணி வரை இழுத்துவிட்டுப் பிறகு ஒதுக்கிவிடலாம். தென்னங்கீற்றுத் தட்டியும் நன்றாகவே உதவும். துணியை நேரடியாகச் செடியின் மேல் போர்த்துவது மட்டும் வேண்டாம்.

மூடாக்கு

கோடைக்கென்று ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், நான் அவரை மூடாக்குப் போடச் சொல்வேன். மண்ணின் மேற்பரப்பை இலை, வைக்கோல் போன்றவற்றால் மூடி வைப்பதே மூடாக்கு. இது வெயில் மண்ணில் நேரடியாக விழாமல் தடுக்கிறது, ஆவியாகும் நீரைக் குறைக்கிறது, களையைக் கட்டுப்படுத்துகிறது, நாளடைவில் மட்கி உரமாகவும் ஆகிறது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உதிர்ந்து காய்ந்த வேப்பிலை, மாவிலை, வைக்கோல், கரும்புச் சோகை, உரிமட்டையிலிருந்து பிரித்த நார் ஆகிய எதையும் பயன்படுத்தலாம். கோடையில் தெருவுக்குத் தெரு கரும்புச்சாறு விற்கும் வண்டிகளில் சக்கை மலைபோல் குவிகிறது. கேட்டால் மகிழ்ச்சியுடன் கொடுத்துவிடுவார்கள். அதில் மீந்திருக்கும் இனிப்பு எறும்பை ஈர்க்கும் என்பதால், கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, சிறு துண்டுகளாக நறுக்கிய பிறகே தொட்டியில் பரப்ப வேண்டும். பச்சைப் புல்லையும் பச்சை இலைகளையும் கனமாகக் கொட்டாதீர்கள். அவை மட்கும்போது சூடு உண்டாக்கும்.

போடும் முறை எளிது. முதலில் மண் முழுவதும் ஊறும்படி தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் போட்ட மூடாக்கு, ஊற்றும் நீரைத் தானே உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்குச் செல்லவிடாமல் செய்யும். பிறகு இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விடாவிட்டால் ஈரம் தேங்கித் தண்டு அழுகக்கூடும். கீரை விதைத்த பாத்தியில், நாற்றுகள் நான்கு விரல் உயரம் வளரும் வரை பொறுத்திருந்து, அதன் பின் வரிசைகளுக்கு இடையில் மெல்லிதாகப் போடலாம். சுமார் இரண்டு வாரத்தில் மூடாக்குத் தாழ்ந்துவிடும். அப்போது மேலே இன்னொரு அடுக்குச் சேர்க்க வேண்டும்.

தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் மண் குளிர்ந்திருக்கும், செடி நாள் முழுவதற்கும் வேண்டிய நீரை வெயில் ஏறுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும், இலையில் பட்ட நீரும் உலர்ந்துவிடும். பையின் அடித் துளையிலிருந்து சிறிது நீர் கசியும் வரை ஊற்றுவதே சரியான அளவு. மேலே மட்டும் நனையும்படி தெளித்தால் வேர்கள் மேல்மட்டத்திலேயே தங்கி, வெயிலில் முதலில் வாடுபவை அவையாகவே இருக்கும்.

தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த மண்கலவையில் ஒரு சிக்கல் உண்டு. அது முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை எளிதில் ஏற்காது. ஊற்றிய நீர் பையின் ஓரமாக வழிந்து அடித்துளையால் வெளியேறிவிட, நடுவிலுள்ள வேர்ப்பகுதி உலர்ந்தே கிடக்கும். கீழே தண்ணீர் வருவதைப் பார்த்து, மண் நனைந்துவிட்டது என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். எனவே எல்லாச் செடிகளுக்கும் ஒரு சுற்று மெதுவாக ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று ஊற்றுங்கள். அப்படியும் ஏற்காத சிறிய தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் மண் மீண்டும் ஈரம் பிடிக்கும்.

குழாயில் இரவு தங்கிய நீர் காலையில் குளிர்ந்தே இருக்கும். மாலையில் அப்படியல்ல. வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலும் மாடித் தொட்டியிலும் உள்ள நீர் கைசுடும் அளவுக்குச் சூடாகியிருக்கலாம். முதலில் வரும் நீரை வாளியில் பிடித்து ஆறவைத்து, குளிர்ந்த பிறகு வரும் நீரையே செடிக்கு விடுங்கள். மாலை நீர் எல்லாச் செடிக்கும் தேவைப்படாது. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஐந்தரை மணிக்குப் பிறகு ஊற்றுங்கள். சிறிய பைகளுக்கும் கீரைக்கும் பெரும்பாலும் தேவைப்படும். மூடாக்குப் போட்ட பெரிய பைகள் மறுநாள் காலை வரை தாங்கிவிடும்.

நண்பகலில் இலை தொங்கியதும் பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றுவதுதான் கோடையில் செடிகள் அழுகிப்போக முக்கியக் காரணம். இலைகள் இழக்கும் நீரை வேரால் அந்த நேரத்தில் ஈடுகட்ட முடியாதபோது செடி தற்காலிகமாகத் தளர்கிறது. பூசணி, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகளில் இது சாதாரணம். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் தண்ணீர் விடாமல் நிழல் கொடுத்துவிட்டு மாலை வரை காத்திருங்கள். சூரியன் சாய்ந்ததும் இலைகள் நிமிர்ந்துவிட்டால் செடி நலமாக இருக்கிறது. மாலையிலும் நிமிராமல், மண்ணும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகலைச் சந்தேகித்து, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கோடையில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீர் விரைந்து ஆவியாகும்போது உப்பு மண்ணிலேயே தங்கி, மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். இலை நுனிகள் காயும். மாதம் இருமுறை, கிடைக்கும் நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியாக உப்பு கரைந்து வெளியேறும்படி செய்யுங்கள். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அதைப் பிடித்துப் பயன்படுத்தலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரும் நல்லதே. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவு நீரில் உப்புச் செறிவு கூடுதலாக இருப்பதால் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். சேமிக்கும் நீரை மூடியே வையுங்கள், டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. பறவைகளுக்கு வைக்கும் கிண்ண நீரையும் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள்.

காலைச் சுற்றில் பார்க்க வேண்டியவை

தண்ணீர் ஊற்றும்போதே ஒவ்வொரு செடியிலும் இரண்டு மூன்று இலைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வறண்ட வெப்பத்தில் பெருகும் செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகிய நான்கும் இலையின் அடியிலோ குருத்திலோதான் ஒளிந்திருக்கும். இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. வெண்டையிலும் கத்தரியிலும் அதிகம் வரும். தொடக்க நிலையில், தொடர்ந்து சில நாள் காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும். மாவுப்பூச்சி இருக்கும் செடியில் எறும்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைப் பாதுகாத்து, செடிவிட்டுச் செடி கொண்டுசெல்வதும் உண்டு. ஆகவே எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது.

தெளிப்பு தேவைப்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயையும், எண்ணெய் நீரோடு கலப்பதற்காகச் சிறிது சோப்புக் கரைசலையும் சேர்த்து நன்றாகக் கலக்கி அடிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்க, வேப்பங்கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பை 50 கிராம் எடுத்து இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள். எதையும் மாலையில், வெயில் இறங்கிய பிறகு மட்டுமே தெளிக்க வேண்டும். பகலில் அடித்த எண்ணெய்க் கரைசல் இலையைக் கருக்கிவிடும். பூச்சியைக் கண்டதும் கடையில் கடுமையான மருந்தை வாங்கும் அவசரம் வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்டுத் தமிழகம் முழுவதும் பப்பாளியையும் மல்பெரியையும் அழித்த பப்பாளி மாவுப்பூச்சிக்குத் தெளிப்பு மருந்துகள் பெரிதாகப் பலன் தரவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நம் மாடியிலும் பொறிவண்டும் சிறு குளவிகளும் வருகின்றன, கடும் மருந்து முதலில் கொல்வது பெரும்பாலும் அவற்றைத்தான்.

காலைச் சுற்றிலேயே வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துவிடுங்கள், வெயிலில் அது விரைவில் முற்றும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து உள்வாங்கினால் அது பூச்சியல்ல. மண் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் கிடப்பதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகச் சேராததன் விளைவு. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் தேறும். கடும் வெப்பத்தில் தக்காளிப் பூக்கள் உதிர்வதை மட்டும் தடுப்பது கடினம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது என்பதால், எந்த டானிக்கையும் வாங்கி ஊற்றாமல் பொறுத்திருங்கள்.

தள்ளிப்போட வேண்டிய வேலைகள்

கோடையில் கனமாக உரமிடுவது தவறு. வெப்பத்தில் தளர்ந்த செடிக்கு அதைச் செரிக்கும் ஆற்றல் இருக்காது. மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மூடாக்குக்கு அடியில் இட்டு, விரும்பினால் லிட்டருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யம் கலந்து மாலையில் தெளித்தால் போதும். மட்காத சாணத்தை எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். தொட்டி மாற்றுவதையும் கிளைகளை ஆழமாக வெட்டிக் கவாத்து செய்வதையும் ஆனிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலைகளைக் கூட, அவை கீழுள்ள தண்டுக்கு நிழல் தருமானால், சில நாள் விட்டுவைக்கலாம். மல்லிகைக்கு இதுவே பூக்கும் பருவம், அதற்கு வெயில் வேண்டும், ஆனால் தண்ணீர் ஒரு நாளும் தவறக் கூடாது.

புதிதாக விதைக்க ஆசைப்படுவோர் வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கொத்தமல்லி விரைவில் பூத்துவிடும். கேரட், முட்டைக்கோஸ் போன்றவற்றைச் சமவெளியில் இப்போது முயல வேண்டாம்.

வெளியூர் செல்லும்போது

பள்ளி விடுமுறையில் மூன்று நான்கு நாள் ஊருக்குப் போவோர், பைகளைக் கிழக்குச் சுவரோரம் நெருக்கி வைத்து, மூடாக்கைக் கனமாக்கி, பிஞ்சுகளையும் பூக்களையும் பறித்துவிட்டுச் செல்லுங்கள். செடிக்குத் தண்ணீர்த் தேவை குறையும். பெரிய பைகளின் நடுவில் மெருகு பூசாத சிறு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், அது மண் உலர உலரக் கசிந்து வேருக்கு நீர் கொடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் இந்த ஏற்பாடுகளை நம்பாமல் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிடுவதே சரி.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்பும் மாடியில் மண்வேலை வேண்டாம். தலையில் துண்டும், காலில் செருப்பும், அருகில் குடிநீரோ நீர்மோரோ இருக்கட்டும்; தலை சுற்றினால் வேலையை அப்படியே விட்டுவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும், குறிப்பாக வயதானவர்கள்.

ஆடிப்பட்டத்துக்கு ஆயத்தம்

கோடை உழவு கோடி நன்மை என்பது வயலுக்குச் சொன்னது. காய்ப்பு முடிந்த பைகளின் மண்ணுக்கும் அது பொருந்தும். அந்த மண்ணைத் தளத்தில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி எடுத்து, லேசாக நனைத்து அரை அடிக்கு மேற்படாத கனத்தில் பரப்புங்கள். அதன் மேல் நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, காற்றுப் புகாதபடி ஓரங்களில் செங்கல் அடுக்கி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட்டால், உள்ளே தேங்கும் வெப்பத்தில் நூற்புழுக்கள், பூஞ்சாணங்கள், களை விதைகள் பெருமளவு அழியும். ஈரம் இல்லாத மண்ணில் வெப்பம் நன்றாக ஊடுருவாது என்பதால் நனைக்கும் படியை விட்டுவிடக் கூடாது. இந்த வெப்பத்தில் நல்ல நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். எனவே தாளை எடுத்த பின் மண்ணோடு மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி சிறிது ஆகியவற்றைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து பைகளில் நிரப்புங்கள்.

ஆடியில் நட வேண்டிய தக்காளிக்குச் சுமார் 25 நாள் வயதுள்ள நாற்றும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் 30 முதல் 40 நாள் வயதுள்ள நாற்றும் தேவை. ஆகவே மிளகாயையும் கத்தரியையும் ஆனி முதல் வாரத்திலும், தக்காளியை அதற்குப் பத்து நாள் கழித்தும் குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில்) விதைத்து, 50 சதவீத நிழல்வலையின் கீழ் வையுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து காலை வெயிலில் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாக வைத்துப் பழக்கிவிட்டு, மாலை வேளையில் நட்டு, தண்ணீர் ஊற்றி, அன்றே மூடாக்கும் போட்டுவிடுங்கள்.